விட்டுப்போகிறவர் கணக்கில்

லின்ஷொப்பிங். ஜனவரி. மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
இல்வா அளவெடுத்து முடித்தாள்:
ஓட்டம், அறுபது வினாடி.
காத்திருப்பு, நாற்பத்தேழு நிமிடம்.

எந்தக் கடிகாரமும் காட்டாத நிமிடங்கள்.
அறுபத்துநான்கு இழைகள்
ஒரே பூட்டின் முன் நின்று
ஆளுக்குக் கொஞ்சமாகச் சிந்தியவை.

"இதுவும் மதிப்பீடுதான்," என்றான் டாரியுஷ்,
காப்பியை விசைப்பலகைக்கு எட்டாமல் நகர்த்தி.
நூறில் ஒரு காத்திருப்பைப் பிடிக்கிறோம்.
பிடிபட்டதை நூறால் பெருக்குகிறோம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி;
மேலே எடுத்த பருக்கைக்கு
அடிப்பிடித்தது தெரியாது.

இந்தக் கணக்கேட்டின் வழக்கமே வேறு.
நின்றவர் பெயர் இதில் ஏறாது.
பூட்டை விட்டு வெளியேறுகிறவர்
வெளியேறும் அந்த நொடியில்
பின்னால் நின்றவர்களின் நேரமெல்லாம்
அவர் தலையில் எழுதப்படும்.
அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.
அவருக்கு அடுத்த வேலை இருக்கிறது.

இன்னொரு வரியும் உண்டு: *தொலைந்தவை*.
பூட்டைக் கையில் பிடித்தபடி
பூட்டைப் பற்றி எழுத முடியாது,
எழுதவும் ஒரு பூட்டு வேண்டும்.
அதனால் ரன்டைம் ஒரு குறிப்பைப் பையில் போட்டுக்கொள்கிறது,
வெளியே வந்து எழுத.
பையில் ஒன்றுக்குத்தான் இடம்.
இரண்டாவது வந்தால் பெரியதை வைத்துக்கொண்டு
சின்னதை நழுவவிடும்.
நழுவியதன் நேரம் தெரியும், இடம் தெரியாது.
இல்வா அந்த வரியைத் தாண்டிப்போக
எப்போதும் கொஞ்சம் தாமதிப்பாள்.

அவள் குடியிருப்பின் நிலவறையில் சலவை அறை.
சுவரில் ஒரு பலகை, வீட்டுக்கொரு குட்டிப் பூட்டு.
வேண்டிய மூன்று மணிநேரத்தில் அதைச் செருகினால்
அறை உங்களுடையது.
இரண்டாம் மாடி குன்வோர்
வியாழன் மாலை முழுவதையும் பூட்டிக்கொண்டு
ஒரே ஒரு மேசைவிரிப்பைத் துவைக்கிறாள் என்று
யாரோ தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்,
பெயர் போடாமல், மூன்று ஆச்சரியக்குறிகளுடன்.
இல்வா அதைப் படித்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

நாற்பத்தேழில் நாற்பத்தொன்று
ஒரே செயற்கூற்றின் தலையில் விழுந்திருந்தது.
மூன்று வரி.
பூட்டு. ஒன்றைக் கூட்டு. திற.
வேலை எத்தனை முறை கைமாறியது என்று
எண்ணிக்கொண்டே இருந்தது அது.
"யார் படிக்கிறார்கள் இந்த எண்ணை?"
டாரியுஷ் தேடினான். மறுபடி தேடினான்.
ஒருவருமில்லை.
எழுதியவர் பெயர் மட்டும் இருந்தது,
ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூன் மாதம்,
"பின்னால் உதவலாம்" என்ற குறிப்போடு:
இல்வா ஸ்டென்மார்க்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
காப்பியைக் குடித்தான்.

எண்ணை அறுபத்துநான்காகப் பிரித்தாள்,
இழைக்கொன்று;
கேட்டால் கூட்டிச் சொல்லலாம், யாரும் கேட்கப்போவதில்லை.
மறுபடி ஓட்டினாள்.
நாற்பத்தேழு, பத்தொன்பது ஆனது.
ஆறாக வேண்டியது.
இதுவரை முதல் கதவில் தேங்கிய கூட்டம்
இப்போது ஒன்றாக வந்து
நினைவகத்தின் பூட்டை முட்டிக்கொண்டிருந்தது.
நாளைக்கு, என்றாள்.

சேறாகிய பனியில் சைக்கிளைத் தள்ளி
வீட்டுக்கு வந்து நிலவறையில் நிறுத்தினாள்.
பலகையில் புதுத் தாள்.
அதே கையெழுத்து, இந்த முறை ஆச்சரியக்குறி இல்லை:
*ஞாயிறு காலை. நான்கு வாரமாகப் பூட்டியிருக்கிறது.
நான்கு வாரமாக உள்ளே யாரும் இல்லை.*

ஞாயிறு காலையில் செருகியிருந்தது
பதினேழாம் எண் பூட்டு.
அவளுடையது.
வேலை நெருக்கடியில் சட்டைகளைக்
குளியலறைத் தொட்டியிலேயே அலசிக்கொண்டிருந்தாள்,
செருகியதே மறந்துபோயிருந்தது.

எத்தனை வீடு, எத்தனை ஞாயிறு,
பெருக்கிப் பார்க்கக் கை தன்னால் பைக்குப் போயிற்று.
சாவி இல்லை.
அலுவலகத்தில் இருக்கிறது,
நாற்காலியில் மாட்டிய இன்னொரு கோட்டில்.